பண்ணல்

மாதத்தின் முதல் ஞாயிறு, எங்கள் வீட்டில் அப்பா காரைத் திறக்கிற நாள். எங்கள் வீட்டு அகராதியில் ‘திறப்பது’ என்றால் கதவைத் திறப்பது அல்ல. பானெட்டைத் தூக்கி நிறுத்தி, பழைய வேட்டித் துண்டொன்றை மட்கார்டின் மேல் விரித்து, அதில் ஸ்பேனர்களை அளவு வாரியாக அடுக்கி, விரலிலிருந்து மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அப்பா ஒரு பெருமூச்சு விடுவார். அதன்பின் மதியச் சாப்பாடு வரைக்கும் அவரை எதற்கும் கூப்பிட முடியாது. வீட்டுக்கு யாராவது வந்து கேட்டால் அம்மா, “கொட்டகையில இருக்காங்க” என்பாள். பூசையில் இருக்கிறார் என்று சொல்வதற்கு உரிய குரல் அது.

காரின் பெயர் பத்மினி. இத்தாலியின் ஃபியட் 1100 வண்டியை உரிமம் பெற்று பம்பாயில் செய்துகொண்டிருந்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனம், எழுபதுகளில் அதற்குச் சூட்டிய பெயர். சித்தூர் ராணியை நினைத்து வைத்ததாகச் சொல்வார்கள். எங்கள் தெருவில் எவரும் அதை நம்பவில்லை. தில்லானா மோகனாம்பாளாக வந்தவரைத் தவிர வேறொரு பத்மினியைத் தஞ்சாவூர் ஜில்லா அறியாது. கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கராக இருந்த அப்பா, சேமிப்பில் பாதியையும் அம்மாவின் இரண்டு வளையல்களையும் கொடுத்து 1991-இல் அதை இரண்டாம் கையாக வாங்கினார். நான்கு சிலிண்டர், 1089 சி.சி.; கியர் கோல் ஸ்டியரிங்குக்குக் கீழே. கும்பகோணத்திலிருந்து திருச்சிக்குப் போய்வர அது எடுத்துக்கொண்ட நேரத்தைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.

இன்றைய கார்களை ஓட்டுகிறவர்களுக்கு ஒரு விளக்கம் தேவைப்படலாம். அன்றைய எஞ்சின், சரி செய்யப்பட்ட கணத்திலிருந்தே பிசகத் தொடங்கிவிடும். தீப்பொறிக்குக் காலம் குறிக்கிற பாயிண்ட் என்ற சின்னஞ்சிறு உலோக இதழ்கள், நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை திறந்து மூடித் தம்மைத் தாமே தின்றுகொள்ளும். வால்வுகளின் இடைவெளி தேய்மானத்தால் மாறும். கார்புரேட்டரில் பெட்ரோலும் காற்றும் கலக்கிற விகிதத்தை ஒரு துளித் தூசு கெடுத்துவிடும். ஆகவே சில ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை எல்லாவற்றையும் மறுபடி ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவர வேண்டும். இதற்குத்தான் டியூனிங் என்று பெயர். அப்பா தேவைக்கு மேலாகவே, மாதந்தோறும் அதைச் செய்தார். அவருக்கு வேறு பொழுதுபோக்கு கிடையாது.

தமிழ் படித்துப் பிழைக்கிறவள் என்பதால் இங்கே சற்று விலகிப் போக அனுமதி வேண்டும். யாழை வாசிப்பதில் எட்டு வகைச் செயல்களைச் சிலப்பதிகாரக் கானல்வரி எண்ணுகிறது. அவற்றில் முதலாவது பண்ணல். நரம்புகளைப் பண்ணுக்கு ஏற்பச் சுருதி கூட்டி அமைத்துக்கொள்வது அது. அதே சொல் சங்க இலக்கியத்தில் தேருக்கும் குதிரைக்கும் யானைக்கும் வருகிறது. தேரைப் பண்ணுதல் என்றால் அதைப் பூட்டிப் புறப்பாட்டுக்கு ஆயத்தம் செய்தல். யாழுக்கும் ஊர்திக்கும் ஒரே வினை. ஆங்கிலத்திலும் பியானோவுக்கும் காருக்கும் ஒரே சொல்தான் என்பதை எண்ணி, வகுப்பில் ஒருமுறை இதைச் சொன்னேன். மாணவர்கள் சிரிக்கவில்லை. பரீட்சைக்கு வருமா என்று ஒருவன் கேட்டான்.

நான் அந்தக் கொட்டகைக்குள் நுழைந்தது அப்பாவின் தோளால். 1997 வாக்கில் அவருடைய வலத்தோள் இறுகிப்போயிற்று. சர்க்கரை நோயோடு சேர்ந்து வருகிற உபத்திரவம்தான். கையை நெஞ்சு மட்டத்துக்கு மேல் தூக்க முடியாது. தலைவழியாகப் பனியன் போட அம்மா வர வேண்டும். எஞ்சினுக்குள் குனிந்து ஸ்பேனரை அழுத்தினால் கண்ணில் நீர் வரும். அண்ணன் அப்போது கோயம்புத்தூரில். பி.ஏ. தமிழ் படித்துக்கொண்டிருந்த நான்தான் வீட்டில் இருந்தேன். “பாப்பா, இதக் கொஞ்சம் புடி” என்று ஆரம்பித்தது, ஆறு மாதத்தில் “பாப்பா, நீ பண்ணு, நான் கேக்குறேன்” என்று ஆயிற்று. அவர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வார். நான் கை, அவர் காது.

வேலையை அவர் சொல்லிக்கொடுத்த வரிசை இன்னும் மனப்பாடமாக இருக்கிறது. முதலில், இரவெல்லாம் ஆறிய எஞ்சினில் டேப்பட். பிளக்குகளைக் கழற்றிவிட்டு, டாப் கியரில் போட்டு, வண்டியைக் கையால் மெல்லத் தள்ள வேண்டும். மூன்றடி தள்ளினால் போதும், நான்கு சிலிண்டரும் ஒரு சுற்று முடித்துவிடும். ஒரு சிலிண்டரின் இரண்டு வால்வுகளும் ஒன்று ஏறி ஒன்று இறங்கித் தராசுபோல ஆடுகிற நேரத்தில், அதன் ஜோடிச் சிலிண்டரின் வால்வுகள் முழுதாக மூடியிருக்கும். அப்போதுதான் அங்கே இடைவெளி பார்க்க வேண்டும். எது எதற்கு ஜோடி? “கூட்டினா அஞ்சு வரணும்” என்பார் கணக்கர். ஒன்றுக்கு நான்கு, இரண்டுக்கு மூன்று. ஃபீலர் கேஜின் தகட்டை நடுவில் நுழைத்து இழுத்தால் அது தடையின்றி வரவும் கூடாது, சிக்கிக்கொள்ளவும் கூடாது. மனமில்லாமல் வர வேண்டும். ‘மனமில்லாமல்’ என்பது அவருடைய சொல்தான். இறுக்கமாக வைத்தால் எஞ்சின் அமைதியாக ஓடும். ஆனால் வால்வு முழுதாக மூடாமல் சூட்டில் கருகிப்போகும். சற்றுத் தளர்ந்திருந்தால் சத்தம் போடும், அவ்வளவுதான். சத்தம் போடுகிற டேப்பட்டைக் கண்டு அப்பா ஒருநாளும் கவலைப்பட்டதில்லை.

அடுத்து பிளக். அதன் முனையைப் பார்த்து எஞ்சினின் உடல்நிலையைச் சொல்லிவிடலாம். மேரி பிஸ்கட் நிறமென்றால் சௌக்கியம். கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். சுண்ணாம்பாய் வெளுத்திருந்தால் காற்று அதிகம், சூடு அதிகம். பிறகு பாயிண்ட்டை உப்புத்தாளால் தேய்த்து இடைவெளி வைப்பது. அதற்குப் பிறகே டைமிங். இந்த வரிசை மாறக்கூடாது. ஏனெனில் பாயிண்ட் இடைவெளியைத் தொட்டாலே டைமிங் நகர்ந்துவிடும். ஒரு பன்னிரண்டு வோல்ட் பல்பின் ஒரு கம்பியை டிஸ்ட்ரிபியூட்டரிலும் மற்றதை எஞ்சின் உடம்பிலும் சேர்த்துவிட்டு, சாவியைப் போட்டு, டிஸ்ட்ரிபியூட்டரை மயிரிழை மயிரிழையாகத் திருப்ப வேண்டும். பாயிண்ட் பிரிகிற கணத்தில் பல்பு எரியும். முதல்முறை அது என் கையில் எரிந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை, பின்னாளில் எம்.ஏ. தேர்ச்சிப் பட்டியல் கூடத் தரவில்லை. சரியாக வைத்தோமா என்று பார்க்க மலையேற்றம் வேண்டும். டெல்டாவில் மலைக்கு எங்கே போவது? காவிரிப் பாலத்தின் ஏற்றத்தில் டாப் கியரில் அழுத்திப் பார்ப்போம். தகர டப்பாவில் கூழாங்கல்லைக் குலுக்கியது போல் சத்தம் வந்தால், பொறி முந்திக்கொள்கிறது என்று பொருள்.

கடைசியாகக் கார்புரேட்டர். இது மட்டும் எஞ்சின் சூடாகி ஓடிக்கொண்டிருக்கும்போது செய்ய வேண்டியது. ஆகையால் ஆபத்தெல்லாம் இங்கேதான் வந்து குடியிருக்கிறது. மிக்சர் ஸ்குரூவை உள்ளே திருகத் திருக எஞ்சின் மூச்சுத் திணறும். வெளியே விட விட மூச்சு வந்து, ஓரிடத்தில் மிக நிதானமாக, மிக வேகமாக ஓடும். அதற்கும் மேலே விட்டால் கனத்துத் தடுமாறும். அந்த நடு இடத்தைக் காதால் பிடிக்க வேண்டும்.

அப்பாவின் கட்டுப்பாடுகள் பல. ஹேண்ட் பிரேக், நியூட்ரல், இரண்டு பின்சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் செங்கல். துப்பட்டாவுக்குக் கொட்டகையில் இடமில்லை. பின்னலைக் கொண்டையாக முடிந்துகொள்ள வேண்டும். ஃபேன் பெல்ட் ஒரு நூலைப் பிடித்தால் ஆளையே இழுத்துக்கொள்ளும். வளையல், மோதிரம், சங்கிலி கிடையாது. பேட்டரியின் இரு முனைகளையும் தங்கம் தொட்டால் தங்கம் பழுத்து விரலோடு ஒட்டிக்கொள்ளும். பெட்ரோல் பைப்பில் கை வைக்குமுன் பேட்டரி ஒயரைக் கழற்று. ஓடுகிற எஞ்சினில் கார்புரேட்டரின் வாய்க்குள் குனிந்து பார்க்காதே, டைமிங் பிசகியிருந்தால் அது நெருப்பைத் துப்பும். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் தொடாதே. வாசலில் ஒரு வாளி மணல் எப்போதும் இருந்தது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழும் என்பதால், திருக்கார்த்திகையன்று கொட்டகைக்கு மட்டும் அகல் கிடையாது. அம்மாவுக்கு அதில் வருடாவருடம் வருத்தம்.

இவை எல்லாவற்றுக்கும் மேலான ஒன்று: எஞ்சின் ஓடும்போது வண்டியின் பின்பாகம் கொட்டகைக்கு வெளியே இருக்க வேண்டும். வண்டியைப் பாதி வெளியே உருட்டிவிட்டுத்தான் சாவியைப் போடுவார்.

1999 நவம்பரில் ஒரு ஞாயிறு. ஐப்பசி அடைமழை விடாமல் மூன்றாம் நாளாகக் கொட்டிக்கொண்டிருந்தது. மறுநாள் என்னுடைய எம்.ஏ. வகுப்புத் தோழியின் கல்யாணத்துக்குத் திருவாரூர் போகவேண்டும். வண்டியோ சிக்னலில் நின்றால் அணைந்துவிடுகிறது. வாசலில் கணுக்கால் தண்ணீர். வண்டியை வெளியே தள்ள வழியில்லை. “நாளைக்கு பஸ்ல போய்க்க பாப்பா” என்றார் அப்பா. நான் கேட்கவில்லை. காரில் போய் இறங்க வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது. அதைப் பட்டுச் சேலை நனையும் என்று மாற்றிச் சொன்னேன்.

வண்டி முகம் உள்ளே, முதுகு வாசலைப் பார்த்து நின்றது. கதவு இரட்டைக் கதவு, பழைய பூவரச மரம். சாரல் நேராக உள்ளே அடித்தது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் ஈரம் பட்டால் எல்லாம் வீண். கதவைச் சாத்தினேன். “வேணாம் பாப்பா” என்றார் அப்பா. “ரெண்டே நிமிஷம்ப்பா, ஐட்லிங்தானே.” காற்று கதவைத் தள்ளித் தள்ளித் திறந்தது. எக்கி நின்று மேல் தாழ்ப்பாளைப் போட்டேன். அவர் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. ஸ்டூலை இழுத்து வண்டிக்குப் பின்னால், சைலன்சர் பக்கமாகப் போட்டு உட்கார்ந்தார். புகைக்குழாயின் ஓசையில்தான் சிலிண்டர்கள் ஒத்துப்போகின்றனவா என்பது தெரியும் என்று வழக்கமாக அங்கேதான் உட்காருவார். வழக்கமாக அந்த இடம் வானத்துக்குக் கீழே இருக்கும்.

இரண்டு நிமிடம் எப்படி இருபது ஆயிற்று என்பதை எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஸ்குரூவில் அந்த நடு இடத்தைப் பிடித்தேன். ஒரு நிமிடத்தில் அது நழுவியது. மறுபடி பிடித்தேன்; மறுபடி நழுவியது. எஞ்சின் தான் கக்கிய காற்றையே மறுபடி குடித்துக்கொண்டிருந்தது என்பது எனக்குத் தெரியவில்லை. ஸ்குரூவில்தான் பிழை என்று திருகிக்கொண்டே இருந்தேன். தலை வலித்தது. காலையில் சாப்பிடாததால் என்று நினைத்தேன். “இப்ப எப்படிப்பா?” என்று கேட்டேன். “ம்” என்றார். இன்னும் கொஞ்சம் திருகினேன். “இப்ப?” பதில் இல்லை. கூர்ந்து கேட்கிறார் போலும் என்று, அவர் கேட்பதற்காக நான் பேசாமல் இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அந்த மௌனத்தை நான் மரியாதை என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

பின்னால் போய்ப் பார்த்தபோது அவர் ஸ்டூலிலிருந்து சரிந்து கதவில் சாய்ந்திருந்தார். கண்கள் பாதி திறந்திருந்தன. என் முழங்கால்கள் என்னுடையவையாக இல்லை. செய்திருக்க வேண்டிய முதல் காரியம் எஞ்சினை அணைப்பது. நான் தாழ்ப்பாளிடம் ஓடினேன். மழையில் ஊறிய மரம் இறுகித் தாழ்ப்பாளைக் கவ்விக்கொண்டிருந்தது. கையில் ஸ்பேனர் இருந்தது, அதால் அடித்தேன். நான்காவது அடியோ ஐந்தாவது அடியோ. கதவு திறந்ததும் அவரை அக்குளில் பிடித்து மழைக்குள் இழுத்துப் போட்டேன். எதிர்வீட்டுக்காரர் ஆட்டோ கொண்டுவந்தார். ஆஸ்பத்திரியில் முகமூடி வைத்து ஆக்சிஜன் கொடுத்தார்கள். மறுநாள் எழுந்து உட்கார்ந்து காபி கேட்டார்.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். இதையெல்லாம் பிறகுதான் படித்தேன். பழைய பெட்ரோல் கார்களுக்குப் புகைச் சோதனையில் ஐட்லிங்கின்போது 3 விழுக்காடு வரை அது இருக்கலாம் என்பது விதி. அதாவது பத்து லட்சத்தில் முப்பதாயிரம் பங்கு. உயிருக்கு உடனடி ஆபத்து என்று தொழிற் பாதுகாப்பு நூல்கள் குறிக்கும் அளவோ 1,200 பங்குதான். சான்றிதழ் பெற்ற நல்ல வண்டியின் புகைக்குழாய், அந்த எல்லையைப்போல இருபத்தைந்து மடங்கைக் கக்கலாம். எங்கள் வண்டி அன்று சோதனைக்குப் போயிருந்தால் தேறியிருக்காது. கொரோனாக் காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கி வைத்தோமே, விரலில் மாட்டுகிற கருவி, அதுவும் இந்த நஞ்சிடம் ஏமாந்துபோகும். இதையும் ஆக்சிஜன் என்றே எண்ணி நல்ல எண்ணைக் காட்டும். தலைவலி, குமட்டல், கால் தளர்ச்சி, ஒரு விதமான அசட்டுத் திருப்தி. அவ்வளவுதான் எச்சரிக்கை. அதுவும், ஒரு வேலையில் மூழ்கியிருப்பவருக்குக் கேட்காத குரலில்.

கதவை யார் சாத்தியது என்று டாக்டர் கேட்டார். “நான்தான். சாரல் அடிச்சுது, மறந்துட்டேன்” என்றார் அப்பா. அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவரைத் திட்டினாள். அண்ணன் கோயம்புத்தூரிலிருந்து வந்து திட்டினான். சித்தப்பா, அத்தை, சங்கத்துச் செயலாளர் எல்லோரும் முறை வைத்து வந்து, சின்னப் பெண்ணையும் சேர்த்துச் சாகடிக்கப் பார்த்தாரே என்று திட்டிவிட்டுப் போனார்கள். அவர் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். நான் பக்கத்தில் நின்று ஹார்லிக்ஸ் ஆற்றிக்கொண்டிருந்தேன். ஒரு முறை கூட வாயைத் திறக்கவில்லை. அடுத்த வாரம் ஆசாரியைக் கூப்பிட்டு மேல் தாழ்ப்பாளைக் கழற்றச் சொன்னார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அவருக்குப் பெயர்கள் நழுவத் தொடங்கின. அந்த நஞ்சு வாரங்கள் கழித்தும் மூளையைத் தொடக்கூடும் என்பது மருத்துவர்கள் அறிந்ததே. சர்க்கரையும் வயதும் அதே வேலையைச் செய்யும். எது செய்தது என்று எவரும் சொல்ல முடியாது. 2003-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். “ஒண்ணு, மூணு... அப்புறம் என்ன பாப்பா?” என்றார். நான்கு, இரண்டு என்றேன். நான்கு சிலிண்டரும் பற்றுகிற வரிசை அது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியவர். “ஆமாமா” என்று சிரித்தார். நான் உள்ளே போய் அழுதுவிட்டு வந்தேன். அப்போதும் அவரிடம் அதைப் பேசவில்லை. நான் சொல்லியிருந்தால் அவர் “அதெல்லாம் ஒண்ணுமில்ல” என்றிருப்பார். அந்தச் சொல்லைக் கேட்பதற்கு எனக்குத் துணிவில்லை. 2012-இல் மாரடைப்பில் போனார்.

வண்டி என்னிடம் இருக்கிறது. பத்மினியின் உற்பத்தி இரண்டாயிரமாம் ஆண்டை ஒட்டி நின்றுபோயிற்று. மும்பையின் பத்மினி டாக்சிகளும் 2023 அக்டோபர் இறுதியோடு விடைபெற்றன. ஐந்தாண்டுக்கு ஒருமுறை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் காட்டி நான் புதுப்பித்துக்கொண்டிருக்கிறேன். அண்ணனின் புதிய காரில் வீட்டில் டியூன் செய்ய ஒன்றுமே இல்லை. கார்புரேட்டரும் இல்லை, பாயிண்ட்டும் இல்லை, எல்லாம் கணினி பார்த்துக்கொள்கிறது. அதன் பானெட்டைத் திறக்கிறவர்களுக்கு ஒன்றே ஒன்று சொல்வேன்: அதன் விசிறி மின்சாரத்தில் ஓடுவது, எஞ்சின் சும்மா இருக்கிறதே என்று கையை நீட்டினால் அது தானாகத் திடீரென்று சுழலும்.

பத்மினிக்கு வேறு தொல்லை. அப்பா எந்த ஸ்குரூ எத்தனை சுற்று என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். கணக்கருக்கே உரிய கையெழுத்து. பல வருடம் அதை அப்படியே பின்பற்றினேன். இப்போது அது பொருந்துவதில்லை. இன்றைய பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால். அது தன்னிடமே ஆக்சிஜன் வைத்திருப்பதால், பழைய அளவில் கலவை மெலிந்துபோகிறது. வெயிலில் எஞ்சின் இடறுகிறது, பிளக் வெளுக்கிறது. பழைய ரப்பர்க் குழாய்களையும் எத்தனால் ஊறவைத்துப் பிளந்துவிடும். சென்ற ஆண்டு ஒருநாள் பெட்ரோல் வாடை வந்து பார்த்தால், பம்பிலிருந்து வருகிற குழாயில் ஒரு விரிசல். நேர் கீழே சூடான இரும்பு. குழாய்கள் அத்தனையையும் மாற்றினேன். நோட்டில் அப்பாவின் எண்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் என் எண்களை எழுதத் தொடங்கியிருக்கிறேன். பேனாவால் எழுத மனம் வரவில்லை.

போன மாதம் முதல் ஞாயிறு. வண்டியைப் பாதி வெளியே உருட்டி, செங்கல் வைத்து, இரண்டு கதவுகளையும் விரியத் திறந்து கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. வாசல் திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள், கதவின் மேல்பக்கம் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் உள்ள நான்கு ஆணி ஓட்டைகளை அண்ணாந்து பார்த்தாள்.

“அன்னிக்கும் நீதானே சாத்தின” என்றாள்.

எனக்குக் கயிறு கையில் நின்றது. எப்படித் தெரியும் என்றேன்.

“உங்கப்பாவுக்கு அந்தத் தாழ்ப்பா எட்டாதே. கையத் தூக்க முடிஞ்சா பனியன் போட என்னைய எதுக்குக் கூப்புடுறாரு?”

இருபத்தைந்து வருடம். அவ்வளவு காலமும் ஒருவரை ஒருவர் பாதுகாக்கிறோம் என்று மூன்று பேரும் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறோம். அதில் இரண்டு பேருக்கு மட்டும் எல்லாம் தெரிந்திருந்தது. “பின்ன ஏம்மா அவரத் திட்டின?”

“அவருதான் நான் சாத்தினேன்னாரே” என்றாள். காம்பு ஒன்றைக் கிள்ளி எறிந்தாள். “நீ இருந்த இருப்புல உன்னைத் திட்டிருந்தா நீ தாங்கிருக்க மாட்ட. அவரு தாங்குவாரு.”

நான் போய் எஞ்சினை ஓடவிட்டேன். சூடேறக் கால் மணி ஆயிற்று. மிக்சர் ஸ்குரூவில் என் பென்சில் எண் வரைக்கும் வந்து, பிறகு எண்ணை மறந்து, காதால் தேடினேன். நடு இடம் கிடைத்தது, நழுவவில்லை. ஸ்குரூ டிரைவரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது திண்ணையிலிருந்து அம்மாவின் குரல்.

“கொஞ்சம் வேகமா ஓடுதே. அவரு இவ்வளவு வெக்க மாட்டாரு.”

அடுக்களையிலிருந்தபடியே இருபது வருட ஞாயிறுகளை அவள் கேட்டிருக்கிறாள். ஐட்லிங் ஸ்குரூவைக் கால் சுற்றுத் தளர்த்தினேன்.

“இப்ப?”

“இன்னும் ஒரு பொட்டு” என்றாள், கீரையிலிருந்து தலை தூக்காமல்.